ரப்பர் பெயிண்ட் அடித்த வீலில் தொல்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பெயிண்டை (பிளாஸ்டி டிப் என்று சொன்னால் சட்டென்று புரியும், வேறு கம்பெனிகளும் இதே மாதிரி விற்கின்றன) வீலுக்கு அடித்துவிட்டு ஏதாவது கோளாறு வந்தால், முதலில் திட்டு வாங்குவது அந்த ஸ்ப்ரே கேன்தான். பெரும்பாலும் கேன் மேல் தப்பே இருக்காது. பெயிண்ட் எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பார்த்தாலே காரணம் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். ரிம் ஓரத்திலா, நட்டைச் சுற்றியா, ஸ்போக்கின் நடுவிலா, நாலு வீலிலும் ஒரே மாதிரியா, ஒன்றில் மட்டுமா? இதற்கு விடை தெரிந்தால் மீதி வேலை சுலபம். உங்களுடைய அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள். ஆனால் ஒரு வீலில் மட்டும் தூள் (பிரேக் தேய்ந்து விழும் கறுப்புத் தூள்) அதிகம் என்ற பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், அது பெயிண்ட் சமாச்சாரம் இல்லை, பிரேக் சமாச்சாரம்.

அதற்கு முன்னால், சரியாக அடித்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் எது தப்பு என்று சொல்ல முடியும். இது சாதாரண பெயிண்ட் போல அடியில் இருப்பதைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும் பொருள் அல்ல. கரைப்பானில் கரைத்த செயற்கை ரப்பர்; கரைப்பான் பறந்ததும் ஒரு தோலாக இறுகி வீலைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் அதன் பலமெல்லாம் தடிமனில்தான் இருக்கிறது. முதல் கோட் அடியில் இருக்கும் வீல் பாதி தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய தூவல். அதன் மேல் நாலைந்து நல்ல ஈரமான கோட், ஒவ்வொன்றுக்கும் இடையே 15 முதல் 20 நிமிடம், கேனுக்கும் வீலுக்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர். அடிக்கிற நேரத்தில் வெப்பநிலை 10 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள், வெயில் நேராக விழாமல், காற்று வீசாமல் இருக்க வேண்டும். வெளிக்காற்று வந்து போகும் இடமாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கரைப்பான் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும்; தூசிக்குப் போடும் துணி முகமூடி இதற்குப் பயன்படாது, கரி வடிகட்டி வைத்த முகமூடிதான் வேண்டும். கடைசிக் கோட்டுக்குப் பிறகு குறைந்தது 4 மணி நேரம் தொடாமல் விடுங்கள். முழுதாக இறுக ஒரு நாள், ஈரப்பதம் அதிகமென்றால் இரண்டு நாள்கூட ஆகும்.

சரி, இனி அறிகுறிகள்.

ரிம் ஓரத்தில் கிளம்பிச் சுருள்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். டயரும் ரிம்மும் சேருகிற இடத்தில் பெயிண்ட் மெலிதாகத்தான் விழுந்திருக்கும், ஏனென்றால் கேன் பிடித்த கை ஸ்போக்குகள் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஓரத்துக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. அந்த மெல்லிய விளிம்புக்கு அடியில் தண்ணீர் ஒரு தடவை புகுந்துவிட்டால் போதும், ஓட ஓட அது கிளம்பிக்கொண்டே வரும்.

இன்னொரு காரணம் மாஸ்கிங் டேப். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு இழுத்தால் டேப்போடு சேர்ந்து ரப்பர் தோலும் வரும், வராவிட்டாலும் விளிம்பு கிழிந்து பிசிறு பிசிறாக நிற்கும், அந்தப் பிசிறில்தான் அடுத்த உரிதல் ஆரம்பிக்கும். டேப்புக்குப் பதிலாக தபால் அட்டை மாதிரியான கெட்டி அட்டைகளை டயருக்கும் ரிம்முக்கும் இடையில் வட்டமாகச் செருகி வைப்பது எனக்குப் பிடித்த வழி. அட்டை டயரைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பதால் ரிம்மின் விளிம்பு முழுவதும், டயருக்குள் மறைகிற அந்தச் சின்ன வளைவு உட்பட, பெயிண்ட் வாங்கும். அட்டையை எடுத்ததும் டயர் பழையபடி நெருங்கி வந்து விளிம்பை மூடிக்கொள்ளும்.

மூன்றாவது சந்தேகம் பிரஷர் வாஷர். முனையைப் பக்கவாட்டில் சாய்த்து ஓரத்தை நோக்கிப் பீய்ச்சினால் எந்த ரப்பர் தோலும் தாங்காது. அரை மீட்டருக்கு மேல் தள்ளி நின்று நேர் எதிராக அடியுங்கள். பெயிண்ட் முழுதாக இறுகி ஒரு வாரமாவது ஆகும்வரை பிரஷர் வாஷர் பக்கமே போக வேண்டாம்.

ஓரம் கொஞ்சம்தான் கிளம்பியிருக்கிறது என்றால் ஒட்டுப்போடலாம். தளர்ந்த பகுதியைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், இழுக்காதீர்கள். அடியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் லேசாகத் துடைத்துக் காயவிட்டு, பழைய தோலின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறுகிற மாதிரி ஈரமான கோட்டுகள் போடுங்கள். புதிய கோட்டில் இருக்கும் கரைப்பான் பழையதன் மேற்பரப்பை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்; இந்தப் பொருளின் நல்ல குணமே அதுதான். வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிளம்பிவிட்டதென்றால் ஒட்டுப்போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். முழுவதும் உரித்துவிட்டுப் புதிதாக அடிப்பதுதான் நேரம் மிச்சம்.

ஸ்போக்கின் நடுவிலேயே தோல் தோலாகக் கழன்று வருகிறது

ஓரம் நன்றாக இருக்கிறது, நடுவில் விட்டுப்போகிறது என்றால் அடியில் ஏதோ எண்ணெய்ப் பசை இருந்திருக்கிறது. முதல் குற்றவாளி டயர் பளபளக்கப் போடும் திரவம். அதில் சிலிக்கோன் இருக்கும், வண்டி ஓடும்போது டயரிலிருந்து சிதறி வீல் மேல் தெளிக்கும், ஷாம்பூ போட்டுக் கழுவினாலும் ஒரு மெல்லிய படலம் தங்கிவிடும். அடிக்கும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம்: பெயிண்ட் சில இடங்களில் விலகி, சின்னச் சின்ன வட்டப் பள்ளங்களாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த கோட்டில் மூடிவிடலாம் என்று நினைத்தால் மூடும், ஒட்டாது.

இரண்டாவது, பழைய பிரேக் தூள். இதைப் பலரும் அழுக்கு என்று நினைக்கிறார்கள். அது வெறும் அழுக்கு இல்லை. டிஸ்க்கிலிருந்தும் (வீலோடு சுற்றும் பிரேக் தட்டு) பேடிலிருந்தும் (அதை அழுத்திப் பிடிக்கும் கட்டை) சூடாகத் தெறித்து வந்து வீலின் கிளியர் கோட்டில் (மேலே பூசிய நிறமற்ற வார்னிஷ்) பதிந்துபோன இரும்புத் துகள். விரல் நுனியை நீவிப் பார்த்தால், பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் வீலிலும் மெல்லிய மணல் தாள் போல உறுத்தும். அந்த மேடு பள்ளத்தின் மேல் ரப்பர் தோல் முழுதாக உட்காராது, உள்ளே இரும்பு துருப்பிடிக்கத் துருப்பிடிக்க மேலும் தூக்கும்.

ஆகவே தயார் செய்வதில் அவசரம் கூடாது. ஷாம்பூவும் பிரஷும் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் இரும்பு நீக்கி என்று விற்கும் திரவத்தைத் தெளியுங்கள். அதில் தயோகிளைக்கோலேட் உப்பு இருக்கும். இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக மாறி வழியும், கெட்ட வாசனையும் வரும். ஊதா வழிகிற இடங்களைக் கவனித்தால் தூள் எங்கே அடைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்: ஸ்போக் பீப்பாயோடு (டயர் உட்காரும் வட்டப் பகுதி) சேரும் மூலை, நட்டுக் குழிகளின் சுவர், பிராண்டு மூடியின் ஓரம். ஊதா வருவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகும் உறுத்தினால் கிளே கட்டியால் (துகளை ஒட்டியெடுக்கும் களிமண் போன்ற கட்டி) நீவியெடுங்கள். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், துணியை மடித்து மடித்துப் புதுப் பக்கத்தால். துணியில் கறுப்பு வருவது நின்றால்தான் வீல் சுத்தம்.

குரோம் பூசிய வீலிலும் கண்ணாடி போலப் பாலிஷ் செய்த அலுமினியத்திலும் இந்தத் தோல் என்னதான் செய்தாலும் கொஞ்சம் தளர்வாகத்தான் பிடிக்கும். அங்கே ஒன்றிரண்டு கோட் கூடுதலாகப் போட்டு, தோல் உள்பக்கம் வரை மடங்கிப் போகிற மாதிரி அடியுங்கள். கிளியர் கோட் ஏற்கெனவே பொரிந்த பழைய வீலுக்கோ இது வேண்டவே வேண்டாம். உரிக்கும்போது பொரிந்த கிளியர் கோட்டும் சேர்ந்து வந்துவிடும்.

குமிழ் குமிழாக இருக்கிறது

கோட்டைத் தடியாகப் போட்டிருப்பீர்கள், அல்லது வெயிலில் சூடான வீல் மேல் அடித்திருப்பீர்கள். பால் மேல் ஆடை படிகிற மாதிரி மேல்பக்கம் முதலில் காய்ந்துவிடும், அடியில் மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியே வர வழி இல்லாமல் குமிழாக நிற்கும். ஈரமாக இருக்கும்போது பார்த்துவிட்டால் ஊசியால் குத்திவிடலாம். காய்ந்துவிட்டால் அப்படியே விடுங்கள் அல்லது உரித்து எடுங்கள். குமிழ் நட்டுக் குழியைச் சுற்றி மட்டும் வந்திருந்தால் அது வேறு: கழுவின தண்ணீர் குழிக்குள் தங்கியிருந்திருக்கிறது. அடிப்பதற்கு முன்னால் குழிகளையும் வால்வு ஓரத்தையும் காற்று ஊதியாவது காயவைத்திருக்க வேண்டும்.

தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறது

தூரத்திலிருந்து அடித்தது, அல்லது காற்று. பெயிண்ட் வீலை அடைவதற்குள் பாதி காய்ந்து தூளாக விழுகிறது. கேனைச் சுடுதண்ணீரில் அல்ல, வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்து, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, கொஞ்சம் நெருங்கி வந்து, மேற்பரப்பு ஈரமாக மினுங்குகிற மாதிரி ஒரே சீராக ஒரு கோட் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைச் சரிசெய்யாமல் விட்டால் பார்க்க மட்டும் அசிங்கம் இல்லை, அந்தச் சொரசொரப்பு முழுவதும் பிரேக் தூள் குடியேறும்.

வழிந்து சொட்டு நிற்கிறது

நெருக்கம் அதிகம். ஈரத்தில் கையை வைக்காதீர்கள், விரல் ரேகையும் சேர்ந்து பதியும். காய்ந்ததும் சொட்டு பாதியாகச் சுருங்கும். மேட் (பளபளப்பில்லாத) கறுப்பில் யாரும் கவனிக்கப் போவதில்லை. சிலர் பெட்ரோல் தொட்ட துணியால் சொட்டைக் கரைப்பார்கள். கரையும்தான், ஆனால் சுற்றி இருக்கும் நல்ல தோலையும் சேர்த்துக் கரைக்கும், தீ அபாயம் தனி. முனையிலிருந்து பொத்துப் பொத்தென்று துளியாகத் தெறித்தால் கேனைத் தலைகீழாகப் பிடித்து ஒரு கணம் அழுத்தி முனையைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

நட்டைச் சுற்றிக் கிழிகிறது, நட்டு தளர்ந்த மாதிரி இருக்கிறது

கிழிவது அழகுப் பிரச்சினை, தளர்வது உயிர்ப் பிரச்சினை. இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

வீல் ஸ்பேனர் குழிச் சுவரில் உரசுவதால் அங்கே கிழிவது இயற்கை. நட்டைக் கழற்றிய பிறகு குழியின் சுவருக்கு மட்டும் பெயிண்ட் போடலாம். ஆனால் நட்டு உட்காரும் கூம்பு வடிவப் பரப்பிலும், வீலின் பின்பக்கம் ஹப்போடு (வீலைத் தாங்கும் அச்சு முனை) பொருந்தும் தட்டையான வட்டத்திலும் ஒரு துளி ரப்பர்கூட இருக்கக் கூடாது. அங்கே உலோகம் உலோகத்தோடு நேராக அமர வேண்டும். இடையில் மெத்து மெத்தென்று ரப்பர் இருந்தால், முறுக்கும்போது இறுகிய மாதிரி காட்டும், ஓட ஓட அந்த ரப்பர் நசுங்கி வெளியேறும், நட்டின் இறுக்கம் குறைந்துவிடும். அடிப்பதற்கு முன் கூம்புகளில் காகிதத்தைச் சுருட்டிச் செருகிவிடுங்கள், பின்பக்க வட்டத்துக்கு டேப் ஒட்டுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? வீலைக் கழற்றி அந்த இரண்டு இடத்தையும் வெறும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

மாட்டும்போது நட்சத்திர வரிசையில், எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் ஆறிய பிறகு இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு நட்டு மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுற்றுகிறது என்றால் அந்தக் கூம்பில் இன்னும் ரப்பர் இருக்கிறது என்று அர்த்தம்.

கழுவினாலும் பழுப்புக் கறை போகவில்லை

வெள்ளை, சாம்பல் மாதிரி வெளிர் நிறம் அடித்தவர்களின் நிரந்தரப் புலம்பல். ரப்பர் பெயிண்ட் தூளைக் குறைக்கும் என்று யாரோ சொல்லி நம்பியிருப்பீர்கள். குறைக்காது. மேட் மேற்பரப்பு பளபளப்பான கிளியர் கோட்டைவிட அதிகமாகவே தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது செய்கிற ஒரே உபகாரம், சூடான துகள் வீலின் சொந்த வார்னிஷைத் தொடாமல் நடுவில் நின்று அடி வாங்குவது.

தூள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு டிஸ்க்கிலிருந்தும் பேடிலிருந்தும் வரும் இரும்புத் துகளும், பேடைக் கட்டி வைத்திருக்கும் பிசினும் கரியும். உலர்ந்த நாளில் அது கறுப்புத் தூள், துடைத்தால் போகும். ஒரு மழையோ பனியோ பட்டதும் இரும்பு துருவாக மாறி மேற்பரப்பின் நுண் துளைகளில் பிடித்துக்கொள்ளும். அந்தப் பழுப்புப் புள்ளிகள் பெயிண்ட் கெட்டுப்போனதல்ல, துரு. அதனால் இதில் மருந்தைவிட காலம்தான் முக்கியம்: தூள் துருவாவதற்கு முன் கழுவுவது, அதாவது வாரம் ஒரு முறை, மழையில் ஓட்டினால் அன்றே.

கழுவும் முறை: வீல் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீர், தூளை நனைத்து இறக்கிவிட. காய்ந்த தூளைத் துணியால் தேய்த்தால் இரும்பை வைத்து ரப்பரைத் தேய்ப்பதாகிவிடும். காற்று ஊதித் தட்டுவதும் வேண்டாம், அந்தத் தூள் நேராக உங்கள் மூக்குக்குத்தான் வரும். அப்புறம் நடுநிலை பிஎச் (அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத) ஷாம்பூ, மென்மையான பிரஷ், நிறையத் தண்ணீர். வீலுக்கு வைத்த பிரஷும் வாளியும் காரின் உடம்புக்குப் போகக் கூடாது.

கறை நின்றுவிட்டதா? நடுநிலை பிஎச் என்று போட்டிருக்கும் இரும்பு நீக்கியை முதலில் வீலின் உள்பக்கம் ஒரு மூலையில் தெளித்துப் பாருங்கள். தோல் மிருதுவாகாமல், நிறம் மாறாமல் இருந்தால் வெளியே தெளித்து, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், காய்வதற்கு முன், கழுவிவிடுங்கள். அமிலம் கலந்த வீல் கிளீனர், கடுமையான காரம், கரைப்பான் கலந்த கிளீனர், மூன்றும் கூடாது. அதன் பிறகும் நிழல் மாதிரி கறை தெரிந்தால், நன்றாகக் கழுவிக் காயவைத்து அதே நிறத்தில் இரண்டு கோட் மேலே போடுங்கள். வெறும் கறைக்காக உரிப்பது வீண் வேலை.

இனி அடிக்கப் போகிறவர்கள் கடைசியில் பளபளப்புக் கோட் ஒன்றிரண்டு போட்டால் மேற்பரப்பு வழவழப்பாகி, தூள் அவ்வளவாகப் பிடிக்காது. மேட் தோற்றம்தான் வேண்டும் என்றால் கறுப்பு அல்லது அடர் சாம்பல் எடுங்கள். வெள்ளை மேட் அடித்துவிட்டுத் தூளைப் பற்றிப் புகார் சொல்வதில் நியாயமே இல்லை.

ஒரு வீலில் மட்டும் தூள் அதிகம், அல்லது ஒரு வீலில் மட்டும் பெயிண்ட் இளகுகிறது

நாலு வீலுக்கும் ஒரே கேன், ஒரே கை, ஒரே நாள். ஒன்று மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்றால் பெயிண்டை விட்டுவிட்டு பிரேக்கைப் பாருங்கள்.

முன் வீல்களில் பின் வீல்களைவிடத் தூள் அதிகம் இருப்பது சகஜம், பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன் பிரேக்தான் செய்கிறது. பின்னால் டிரம் பிரேக் என்றால் தூள் டிரம்முக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே முன்னையும் பின்னையும் ஒப்பிடாதீர்கள். இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி கறுத்திருக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் கறுத்தால், பேடு டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிப்பர் நகர உதவும் கம்பி (பின்) துருப்பிடித்து இறுகியிருக்கலாம், பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே திரும்பாமல் சிக்கியிருக்கலாம், பிரேக் ஆயில் போகும் வளையும் குழாய் (ஹோஸ்) உள்ளுக்குள் வீங்கி அழுத்தத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கலாம், பின் வீல் என்றால் கை பிரேக் கேபிள். அந்த உரசல்தான் சூடு. பிளாஸ்டி டிப் தாங்கும் என்று சொல்லப்படும் எல்லை சுமார் 93 டிகிரி செல்சியஸ். ஒழுங்காக இருக்கும் பிரேக்கில் வீலின் முகம் சாதாரண ஓட்டத்தில் அந்தப் பக்கம் போவதில்லை, டிஸ்க் எவ்வளவு கொதித்தாலும் இடையில் காற்று இருக்கிறது. உரசும் பிரேக்கில், நீண்ட மலை இறக்கத்தில், பந்தயத் தடத்தில் போகலாம். அப்போது நடுப்பகுதியிலும் ஸ்போக்கின் உள்பக்கத்திலும் தோல் மினுமினுத்து, பிசுபிசுத்து, தூளை உள்ளேயே வாங்கிக்கொள்ளும். கழுவினால் போகாத கறுப்பு அது.

சோதிப்பது இப்படி: கொஞ்ச தூரம் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக நிறுத்துங்கள். தூரத்திலிருந்தே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை ஸ்போக் இடைவெளி வழியாக இரண்டு பக்க டிஸ்க்கிலும் காட்டுங்கள். சில டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. ஒரு பக்கம் மிதமாகவும் மறுபக்கம் பல மடங்கு சூடாகவும் இருந்தால் விஷயம் உறுதி. கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். அப்புறம் ஆறியதும் வண்டியை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, நியூட்ரலில் வீலைக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் சத்தம் சகஜம், சுற்றவே மறுத்தால் சகஜம் இல்லை. வீலைக் கழற்றினால் பேடுகளைப் பாருங்கள்: உள்பக்கப் பேடு மட்டும் தேய்ந்து வெளிப்பேடு தடியாக இருந்தால் கேலிப்பர் கம்பியோ பிஸ்டனோ சிக்கியிருக்கிறது, இரண்டு பேடும் சமமாக வேகமாகத் தேய்ந்திருந்தால் ஹோஸைச் சந்தேகப்படுங்கள்.

இதற்கு நேர்மாறும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பக்க வீல் மட்டும் சந்தேகப்படும்படி சுத்தமாகவே இருக்கிறதா? அந்தப் பக்கம் பிரேக் வேலையே செய்யாமல் இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் இன்னும் உறுதி. சுத்தமான வீலைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நாலு வீலிலும் திடீரென்று தூள் கூடிவிட்டது

சமீபத்தில் பேடு மாற்றினீர்களா? புதிய பேடு டிஸ்க்கோடு பழகும்வரை தூள் அதிகம் விழும், அது அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் பேடின் வகை. உலோகத் துகள் அதிகம் கலந்த பேடு நன்றாகப் பிடிக்கும், சூடு தாங்கும், தூளைக் கொட்டும். செராமிக் பேடின் தூள் குறைவு, நிறமும் வெளிர், வீலில் அவ்வளவு ஒட்டாது. ஆனால் குளிரில் முதல் பிடி கொஞ்சம் மந்தமாக இருக்கலாம், கடுமையாக ஓட்டுபவர்களுக்கு ஒத்து வராது. அடுத்த தடவை பேடு மாற்றும்போது வண்டிக்குப் பொருந்தும் செராமிக் பேடு கேட்டு வாங்குவதுதான் தூளுக்கு உருப்படியான தீர்வு. வீலுக்கும் டிஸ்க்குக்கும் இடையே தூளைத் தடுக்க ஒரு தகடு மாட்டும் யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. தூளோடு சேர்த்து டிஸ்க்குக்குப் போக வேண்டிய காற்றையும் அது தடுக்கும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் உருகிய மாதிரி, வழிந்த தடத்தோடு

சூடு இப்படித் தடம் போட்டு வழியாது, திரவம்தான். கடைசியாகப் பிரேக் வேலை எப்போது நடந்தது என்று யோசியுங்கள். மெக்கானிக்குகள் டிஸ்க்கில் தெளிக்கும் பிரேக் கிளீனர் கடுமையான கரைப்பான், வீல் மாட்டியிருக்கும்போதே ஸ்போக் வழியாகத் தெளித்தால் ரப்பர் தோல் அந்த நிமிடமே இளகும். சர்வீஸுக்கு விடும்போதே சொல்லிவிடுங்கள். பெட்ரோல் சொட்டும் இதே வேலையைச் செய்யும். ஈரமாக இருக்கும்போது தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டு, ஆறவிட்டு, ஒரு நாள் கழித்துக் கெட்ட இடத்தை வெட்டி மேலே சொன்ன மாதிரி ஒட்டுப்போடுங்கள். சமீபத்தில் வேலையும் நடக்கவில்லை, பெட்ரோலும் படவில்லை, தடம் வீலின் உள்பக்கத்திலிருந்து வருகிறது என்றால் பிரேக் ஆயில் கசிகிறதா என்று பாருங்கள், அதற்குப் பெயிண்ட் போட்டு மூடாதீர்கள்.

பெயிண்ட் அடித்த பிறகு ஸ்டீயரிங் நடுங்குகிறது

ரப்பர் தோலின் எடை இதற்குக் காரணம் இல்லை. வீல் பீப்பாயின் உள்ளே ஒட்டியிருந்த பேலன்ஸ் ஈயக்கட்டி விழுந்திருக்கும், அல்லது பேலன்ஸ் செய்தவர் புதிய கட்டியை ரப்பர் தோலின் மேலேயே ஒட்டியிருப்பார், அது தோலோடு பறந்திருக்கும். கட்டி ஒட்டும் இடம் வெறும் உலோகமாக இருக்க வேண்டும், அந்தப் பட்டையை அடிக்கும்போதே டேப்பால் மறைத்துவிடுங்கள். டயர் மாற்றும் இயந்திரம் ஓரத்தைக் கிழிக்காமல் விடாது, ஆகவே டயர் தேய்ந்திருந்தால் முதலில் டயர், அப்புறம் பெயிண்ட்.

உரிக்கப் போனால் துண்டு துண்டாகப் பிய்கிறது

கோட் மெலிதாகப் போட்டிருப்பீர்கள், அல்லது ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு ரப்பர் வறண்டிருக்கும். நகத்தால் சுரண்டி மனதை நோகடித்துக்கொள்ள வேண்டாம். கழுவிக் காயவைத்து அதன் மேலேயே மூன்று கோட் ஈரமாக அடியுங்கள், எந்த நிறமாக இருந்தாலும் சரி, மிச்சமிருக்கும் பழைய கேனைத் தீர்க்க நல்ல சந்தர்ப்பம். ஒரு நாள் இறுகவிடுங்கள். புதியது பழையதோடு ஒன்றாகித் தடித்த தோலாக வரும். முடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடாக்கி, விளிம்பிலிருந்து தாழ்வாக, மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும்.

மூலைகளில் நிற்கும் துணுக்குகளுக்கு டபிள்யூடி-40 தெளித்த துணியை ஐந்து நிமிடம் போர்த்தி வைத்தால் ரப்பர் ஊறித் துடைத்தால் வந்துவிடும். இதற்கு வீலைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அந்த எண்ணெய் டிஸ்க்கிலோ பேடிலோ படவே கூடாது. முடிந்ததும் ஷாம்பூவால் நன்றாகக் கழுவி ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அடுத்த நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்றால் திரும்ப இரும்பு நீக்கியிலிருந்து தொடங்குங்கள். தோலின் விளிம்பு கிளம்பியிருந்த இடங்களில் உள்ளே புகுந்த தூள் ஊதாவாக வழிவதைப் பார்க்கலாம்.